துப்பாக்கி அசல், பெட்டி? .38-44 டார்கெட் ரிவால்வர் ஆராய்ச்சி, இதுவரை

ஏலத்தில் பெட்டியோடு வாங்கிய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நியூ மாடல் நம்பர் 3 டார்கெட் பற்றி முன்பே சொல்லியிருந்தேன். இப்போது துப்பாக்கியைவிட அந்தப் பெட்டிதான் என் நேரத்தைத் தின்கிறது.

துப்பாக்கி விஷயம் சுலபமாக முடிந்தது. 1887 முதல் 1910 வரை அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் செய்தார்கள், .32-44, .38-44 இரண்டும் சேர்த்தே சுமார் 4,300தான். .44 காலிபருக்கான (காலிபர் என்பது குழல் துளையின் அளவு) பெரிய உடலில் .32 அல்லது .38 என்று சின்னத் துளைக் குழல், அதனால்தான் இந்த இரட்டை எண். .38-44இல் தோட்டாவின் பித்தளைக் கூடு, தோட்டாக்கள் உட்காரும் சுழல் உருளையான சிலிண்டரின் முழு நீளத்துக்கும் வரும், ஈயக் குண்டு கூட்டுக்குள்ளேயே அமுங்கி உட்கார்ந்திருக்கும். ஆகவே சிலிண்டரை வெளிச்சத்தில் பிடித்துத் துளைகளைப் பார்த்தால் நடுவில் படி இல்லாமல் நேராக இருக்கும். என்னுடையதில் அப்படியே இருக்கிறது.

அடுத்து எண்கள். பிடியின் அடியில் உள்ள சீரியல் எண் குழலிலும், சிலிண்டரின் பின்முகத்திலும், மேல் தாழ்ப்பாளிலும், வலது கைப்பிடித் தகட்டின் உட்புறத்திலும் ஒத்துப்போக வேண்டும். எல்லாம் ஒத்துப்போயின. அடியில் நட்சத்திர முத்திரை இருந்தால் தொழிற்சாலைக்குத் திரும்பிப் போய் வேலை பார்க்கப்பட்டது என்று அர்த்தம், அதுவும் இல்லை. ஹாமரும் டிரிகரும் நிக்கல் பளபளப்பில் இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள். தொழிற்சாலையில் அவற்றுக்கு நிக்கல் பூச மாட்டார்கள், வெப்பத்தில் கடினப்படுத்திய கலவை நிறம்தான் இருக்கும்.

பணம் கட்டி ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வரலாற்று அறக்கட்டளையின் கடிதமும் வாங்கிவிட்டேன். 1888இல் நியூயார்க் வியாபாரி எம். டபிள்யூ. ராபின்சனுக்கு அனுப்பியதாக இருக்கிறது. அமெரிக்க மத்திய அரசுச் சட்டத்தில் 1898 வரை செய்தவை பழம்பொருள் என்பதால் இந்தத் தேதி வேறு விதத்திலும் உதவுகிறது (உங்கள் மாநிலச் சட்டம் வேறாக இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்). ஆனால் கடிதத்தில் பெட்டி பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை! அதை வைத்துப் பெட்டி போலி என்று முடிவு கட்டவும் முடியாது, ஏனென்றால் வியாபாரியே தன் கடையில் பெட்டி சேர்த்து விற்றிருக்கலாம்.

பெட்டியில் எண் ஏதும் கிடையாது, அதனால் துணியைத்தான் படிக்க வேண்டும். நூறு வருடம் ஒரே இடத்தில் கிடந்த இரும்பு வெல்வெட்டில் தடம் பதிக்காமல் இருக்காது. முன் காட்சிமுனை (குறிபார்க்கும் முனை), சிலிண்டரின் விளிம்பு, ஹாமர் நுனி மூன்றும் படியும் இடங்களை டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். சிலிண்டர் தடம் அழகாகப் பொருந்துகிறது, காட்சிமுனைத் தடம் மட்டும் சற்றே முன்னால் தள்ளியிருக்கிறது. இதே உடலில் வேறு நீளக் குழல் கொண்ட துப்பாக்கி ஏதோ இங்கே குடியிருந்திருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

பெட்டிக்குள் குண்டு வார்க்கும் அச்சும் தோட்டா நிரப்பும் கருவியும் இருக்கின்றன. அச்சை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, சாதாரண .38 எஸ் அண்ட் டபிள்யூ (ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்) குண்டும் கிட்டத்தட்ட அதே விட்டம். தோட்டா நிரப்பும் கருவிதான் துப்பு, சாதாரண .38 கூடு முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல், .38-44 கூடு கிட்டத்தட்ட ஒன்றரை அங்குலம். வெர்னியர் அளவியை விட்டு அளந்ததில் கருவியின் உட்குழி நீளமான கூட்டுக்கானதுதான்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. ஓக் மரப் பெட்டியில் பழைய ஈயக் குண்டுகள் இருந்தால் எடுத்துத் தனியே வையுங்கள். மரத்திலிருந்து வரும் அமில ஆவியில் ஈயம் வெள்ளைப் பொடியாக உதிரும், வெல்வெட்டும் ஈரத்தைப் பிடித்து இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். என் துப்பாக்கி மெல்லிய மெழுகுப் பூச்சோடு பெட்டிக்கு வெளியேதான் இருக்கிறது.

இனி பார்க்க வேண்டியது கருவி உட்காரும் பள்ளம். கருவி அதில் கொஞ்சம் ஆடுகிறது. துணியைப் பிரிக்காமல் அடியில் உள்ள பசை பழையதா என்று பார்க்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.