டெபாசிட்டை மீட்கக் கவுண்டி சட்ட நூலகத்துக்குப் போனோம்

லாஸ் ஏஞ்சலிஸ் பாம்ஸ் பகுதியில் ஆறு வருடத்துக்கு மேல் குடியிருந்த அபார்ட்மென்ட்டை 2025 கோடையில் காலி செய்தோம். கொடுத்திருந்த வாடகை டெபாசிட் 3,000 டாலர். திரும்பி வந்தது 610 டாலருக்கு ஒரு செக்கும், மீதிக்கு ஒரு கணக்குத் தாளும். கார்ப்பெட் மாற்ற 1,650, பெயின்ட் அடிக்க 540, சுத்தம் செய்ய 200 என்று மூன்றே வரி. ரசீது கிடையாது, போட்டோ கிடையாது. அந்தத் தாளும், ஓனர் கணக்குக் கொடுக்கச் சட்டம் வைத்திருக்கும் 21 நாள் கெடு முடிந்து சாவகாசமாகத்தான் வந்து சேர்ந்தது. மேனேஜ்மென்ட் கம்பெனிக்கு போன் போட்டால், அங்கே இருந்த பெண்மணி மிகவும் இனிமையாக, "எல்லோருக்கும் இப்படித்தான் செய்கிறோம்" என்றார்.

இரண்டாயிரத்துச் சொச்சம் டாலருக்கு வக்கீல் வைத்தால் கைக்காசுதான் போகும். இணையத்தில் தேடினால் ஒரே முழக்கம்: "21 நாள் தாண்டினால் முழுப் பணமும் உங்களுக்குத்தான், மூன்று மடங்காகக் கேளுங்கள்." கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எந்தச் சட்டத்தில், எந்த வரியில் அப்படி இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. என் கணவர் தன் ஆபீஸில் இதைப் புலம்பியபோது, கூட வேலை செய்யும் ஒருவர் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) சட்ட நூலகத்துக்குப் போய்ப் பாருங்கள் என்றாராம். வக்கீல்களுக்கான இடத்தில் நமக்கு என்ன வேலை என்பதுதான் முதலில் எனக்குத் தோன்றியது.

அது வக்கீல்களுக்கு மட்டுமான இடமே இல்லை. கலிபோர்னியாவின் 58 கவுண்டிகளுக்கும் சட்ட நூலக வாரியம் உண்டு. அந்தந்தக் கவுண்டியில் வசிக்கும் யாரும் இலவசமாக உள்ளே போய்ப் படிக்கலாம் என்று மாநிலச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். செலவுக்கு முக்கியமாக, கோர்ட்டில் சிவில் வழக்குப் போடுபவர்கள் கட்டும் கட்டணத்தில் ஒரு சிறு பங்கு போகிறது. லாஸ் ஏஞ்சலிஸ் நூலகம் 1891-ல் தொடங்கியது. ஃபர்ஸ்ட் ஸ்ட்ரீட்டில், ஸ்டான்லி மாஸ்க் கோர்ட்டுக்கு எதிரே, 1953-ல் கட்டிய கட்டடத்தில் இருக்கிறது. சிவிக் சென்டர் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம்தான்; டவுன்டவுன் பார்க்கிங் கட்டணத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். கட்டடத்துக்கு மில்ட்ரெட் லில்லி என்ற நீதிபதியின் பெயர். 1971-ல் அன்றைய அதிபர் நிக்சன் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் பரிசீலித்தவர். நியமனம் வரை போகவில்லை. அவர் போயிருந்தால் அந்தக் கோர்ட்டின் முதல் பெண் நீதிபதி என்ற பெயர் பத்து வருடம் முன்பே எழுதப்பட்டிருக்கும்.

உள்ளே போனால் சட்டை டையோடு ஒருவர் இருவர். மற்றபடி எல்லோரும் நம்மைப் போலத்தான். பிளாஸ்டிக் பை நிறையக் காகிதங்களோடு ஒரு பாட்டி. பேரனைத் தன் பொறுப்பில் எடுக்க கார்டியன்ஷிப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். வேலை முடிந்த சீருடையிலேயே வந்து விவாகரத்துப் படிவம் புரட்டிய ஒருவர். எனக்கு அப்போதே பாதி பயம் போய்விட்டது.

கவுண்டரில் இருந்த நூலகரிடம் என் கதையை மூச்சுவிடாமல் சொல்லி, "எனக்கு எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதை நான் சொல்லக் கூடாது. எந்தப் படிவம் போடுவது, ஜெயிப்பீர்களா என்பதெல்லாம் சட்ட ஆலோசனை ஆகிவிடும். ஆனால் அந்தச் சட்டம் எந்த அலமாரியில் இருக்கிறது, எப்படிப் படிப்பது என்று காட்டுகிறேன், வாருங்கள்." முதலில் கொஞ்சம் ஏமாற்றம்தான். அப்புறம் கேள்வியை மாற்றிக் கேட்கப் பழகிக்கொண்டேன். "நான் என்ன செய்யட்டும்?" என்றால் பதில் வராது. "வாடகை டெபாசிட் பற்றிய தீர்ப்புகளை எங்கே பார்ப்பது?" என்றால் எழுந்து கூடவே வருவார்.

முதலில் அவர் எடுத்துத் தந்தது, சாதாரண ஜனங்களுக்காக எளிய ஆங்கிலத்தில் சட்டப் புத்தகம் போடும் நோலோ பதிப்பகத்தின் வாடகைதாரர் கையேடு. அதில்தான் என் விஷயத்துக்கான பிரிவு எண்ணைப் பிடித்தேன்: கலிபோர்னியாவின் சிவில் சட்டத் தொகுப்பான சிவில் கோடில் 1950.5. அப்புறம் பச்சை அட்டை போட்ட தடித்தடியான தொகுதிகள் இருக்கும் வரிசைக்குப் போனோம். சட்டத்தின் வாசகம் இணையத்தில் மாநில அரசின் தளத்திலேயே கிடைக்கிறதே, இதற்கு ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்கலாம். இந்தப் பச்சைத் தொகுதிகளில் சட்டத்தின் வாசகம் நாலைந்து பக்கம்தான். அதற்குக் கீழே, அது எந்த வருடம் எப்படித் திருத்தப்பட்டது, அதை வைத்து நீதிமன்றங்கள் என்னென்ன தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன என்று தலைப்பு வாரியாகப் பொடி எழுத்தில் பக்கம் பக்கமாகப் போகிறது. நான் தேடி வந்ததே அந்தப் பொடி எழுத்துகளைத்தான்.

படிக்கத் தொடங்கியதுமே நூலகர் என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, பின் அட்டையைத் திருப்பினார். அட்டையின் உட்புறத்தில் ஒரு கீறல், அதில் செருகிய மெல்லிய சிற்றேடு. பாக்கெட் பார்ட் என்று பெயர். தொகுதி அச்சானபின் வந்த திருத்தங்கள், புதிய தீர்ப்புகள் எல்லாம் அதில் இருக்கும். வருடாவருடம் பழையதை உருவிவிட்டுப் புதியதைச் செருகுவார்கள். "இதைப் பார்க்காமல் எதையும் எழுதிக்கொண்டு போகாதீர்கள்" என்றார். சும்மா சொல்லவில்லை. புத்தகத்துக்குள் இருந்த வாசகம், சாமான் இல்லாத வீட்டுக்கு இரண்டு மாத வாடகை வரை டெபாசிட் வாங்கலாம் என்றது. பின்னால் இருந்த சிற்றேடு, 2024 ஜூலை 1 முதல் பெரும்பாலான வீடுகளுக்கு ஒரு மாத வாடகைதான் என்றது. எனக்கு அதைவிட முக்கியமான விஷயமும் அங்கேதான் கிடைத்தது. 2025 ஏப்ரல் 1 முதல், வீடு காலியானதும் ரிப்பேர் செய்வதற்கு முன்பும் செய்தபின்பும் ஓனர் போட்டோ எடுக்க வேண்டும். பிடித்தம் செய்தால் கணக்கோடு அந்தப் படங்களையும் அனுப்ப வேண்டும். புத்தகத்தின் உடம்பில் இந்த விதியின் வாசனையே இல்லை.

இன்னும் இரண்டு விஷயங்களை நோட்டில் எழுதிக்கொண்டேன். ரிப்பேருக்கும் சுத்தத்துக்கும் சேர்த்து 125 டாலருக்கு மேல் பிடித்தால் ரசீதோ பில்லோ தர வேண்டும். வழக்கு என்று வந்துவிட்டால், பிடித்த தொகை நியாயமானது என்று நிரூபிப்பது ஓனரின் பொறுப்பு. என் பயமெல்லாம் கார்ப்பெட் நல்லபடியாக இருந்தது என்று எப்படி நிரூபிப்பேன் என்பதுதான். அந்தச் சுமை என் தலையில் இல்லை என்று தெரிந்தபோது ஒரு நிம்மதி.

சரி, 21 நாள் விஷயம்? அதற்குத்தான் தீர்ப்புக் குறிப்புகள் உதவின. கிரான்பெரி எதிர் இஸ்லே இன்வெஸ்ட்மென்ட்ஸ், 1995, கலிபோர்னியா உச்ச நீதிமன்றம். பக்கத்தில் 9, ஒரு சுருக்கெழுத்து, 738 என்று ஒரு வரி. நூலகர் சொல்லிக்கொடுத்தார்: கலிபோர்னியா தீர்ப்புத் தொகுப்பு நான்காம் வரிசை, 9-ஆம் தொகுதி, 738-ஆம் பக்கம். சுவரோரம் நடந்துபோய் அந்தத் தொகுதியை உருவி அந்தப் பக்கத்தைத் திறந்தால் வழக்கு அப்படியே நிற்கிறது. இதில் எனக்கு ஒரு சின்னப் பிள்ளையின் சந்தோஷம்.

தீர்ப்போ அவ்வளவு சந்தோஷம் தரவில்லை. கெடுவுக்குள் கணக்குக் கொடுக்காத ஓனர் டெபாசிட்டைக் கையில் வைத்துக்கொண்டு தானாகப் பிடித்துக்கொள்ளும் உரிமையை இழக்கிறார். முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். இது வரை சரி. ஆனால் அவர் நல்லெண்ணத்தோடு நடந்திருந்தால், வாடகை பாக்கி, உண்மையான சேதம் இவற்றுக்கான பணத்தை வழக்கில் தனியாகக் கேட்கலாம், கழிக்கச் சொல்லலாம். அதாவது நாள் தாண்டிவிட்டது என்பதை மட்டும் வைத்து நான் கோர்ட்டில் நின்றால், எதிராளி "சேதத்துக்கு இதோ கணக்கு" என்று நீட்டிவிடுவார். மூன்று மடங்கு என்ற முழக்கமும் இப்படித்தான். டெபாசிட்டைப் போல் இரண்டு மடங்கு வரை கூடுதலாகக் கொடுக்கச் சொல்ல நீதிபதிக்கு அதிகாரம் உண்டு, ஆனால் கெட்ட எண்ணத்தோடு பிடித்துவைத்தார் என்று தெரிந்தால்தான். இணையத்தில் பாதியோடு நிறுத்திவிட்டார்கள். எனக்கு எதிரான வாதத்தை எதிராளிக்கு முன்னாலேயே நான் படித்துவிட்டேன் என்பதற்காகவே அந்த நூலகத்துக்குக் கோடி நன்றி சொல்வேன்.

தீர்ப்பு பழையதாயிற்றே, இன்றைக்கும் செல்லுமா? அங்கே இருக்கும் கம்ப்யூட்டர்களில் வக்கீல் ஆபீஸ்கள் நிறையப் பணம் கட்டிப் பயன்படுத்தும் தரவுத்தளங்களை இலவசமாகப் பார்க்கலாம். தீர்ப்பின் பெயரைப் போட்டால் பின்னால் வந்த எந்தெந்த வழக்கு அதை மேற்கோள் காட்டியது, எது மறுத்தது என்று கொடி போட்டுக் காட்டும். என் தீர்ப்பு இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தது. இந்த வசதி நூலகத்துக்குள் உட்கார்ந்தால் மட்டும்தான், வீட்டிலிருந்து வராது. எனவே என்ன தேட வேண்டும் என்று எழுதிக்கொண்டு போவது நல்லது.

ஆக, வாதத்தைச் சேதத்தின் மேல் திருப்பினேன். மாநில அரசின் வாடகைதாரர் கையேட்டில் கார்ப்பெட்டுக்கு ஒரு கணக்கு போட்டிருக்கிறார்கள். பத்து வருடம் உழைக்கும் கார்ப்பெட் எட்டாவது வருடத்தில் பாழானால், புதிது 1,000 டாலர் என்றாலும் குடியிருந்தவரிடம் கேட்கக்கூடியது மிச்சம் இரண்டு வருடத்துக்கான 200 டாலர்தான். எங்கள் கார்ப்பெட் நாங்கள் குடிபோகும்போதே நாலு பேர் நடந்த கார்ப்பெட். குடிபோன அன்று எடுத்த போட்டோவில் கதவோரம் நூல் பிரிந்திருப்பது நன்றாகவே தெரிந்தது.

சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். தனிநபர் 12,500 டாலர் வரை கேட்கலாம். இரு தரப்பிலும் வக்கீல் கூடாது. படிவம் எஸ்சி-100. எதிராளியிடம் முதலில் பணத்தைக் கேட்டீர்களா என்று அதிலேயே கேள்வி இருக்கிறது; அதனால் பிரிவு எண், தீர்ப்பு எல்லாம் போட்டு ஒரு கடிதம் அனுப்பினேன். பதிலுக்கு 300 டாலர் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று 75 டாலர் கட்டி வழக்குப் போட்டேன். கேட்கும் தொகை 1,500 டாலர் வரை என்றால் கட்டணம் 30, 5,000 வரை 50, அதற்கு மேல் 75. இரண்டு மடங்கையும் சேர்த்துக் கேட்டதால் எனக்கு 75. கம்பெனி மேல் போடுவதால் சம்மன் யாரிடம் கொடுப்பது என்பதுதான் ஒரே தலைவலி. மாநிலச் செயலாளர் அலுவலகத் தளத்தில் கம்பெனியின் பெயரைத் தேடினால், சம்மன் வாங்குவதற்கென்று பதிவு செய்த ஏஜென்ட்டின் முகவரி கிடைக்கும். கொடுப்பவர் 18 வயது நிரம்பியவராக, வழக்கில் சம்பந்தப்படாதவராக இருக்க வேண்டும். பக்கத்து வீட்டு அங்கிள் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

விசாரணை அன்று நீதிபதி நாற்காலியில் இருந்தது தற்காலிக நீதிபதியாக வந்த ஒரு வழக்கறிஞர். சம்மதமா என்று கேட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். கம்பெனி சார்பில் ஒரு மேனேஜர். எங்கள் முறை வந்தபோது நான் தயாரித்து வைத்திருந்த பேச்சில் கால்வாசிகூடப் பேசவில்லை. நீதிபதி மேனேஜரிடம் கேட்ட முதல் கேள்வியே "கார்ப்பெட் எந்த வருடம் போட்டது?" என்பதுதான். அவருக்குத் தெரியவில்லை. அடுத்தது, "போட்டோ எங்கே?" அவர் போனைத் தடவித் தடவிப் பார்த்தார். என்னிடம், சமையலறை அடுப்பைச் சுத்தம் செய்தீர்களா என்று கேட்டார். ஓரளவு செய்தோம் என்றேன். அது உண்மை.

தீர்ப்பு தபாலில் வந்தது. சுத்தம் செய்த 200 டாலரைக் கழித்து 2,190 டாலரும் கோர்ட் செலவும். இரண்டு மடங்கு தரவில்லை. அலட்சியம்தான், கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது என்று நினைத்திருப்பார் போல. வழக்குப் போட்டவருக்கு ஸ்மால் கிளெய்ம்ஸில் அப்பீல் கிடையாது, எதிராளிக்கு மட்டும்தான் உண்டு. இது தெரிந்துதான் போக வேண்டும். அவர்கள் அப்பீல் போகவில்லை, செக் அனுப்பிவிட்டார்கள்.

போக நினைப்பவர்களுக்கு இரண்டு சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கவுண்டியிலும் ஸ்மால் கிளெய்ம்ஸ் ஆலோசகர் என்று இலவச சேவை இருக்கிறது. நூலகர் சொல்லக் கூடாததை அவர்கள் சொல்வார்கள். பல கவுண்டி நூலகங்களில் குறிப்பிட்ட நாட்களில் வக்கீல்கள் வந்து சில நிமிடம் இலவசமாகப் பேசுகிறார்கள், முன்பே பதிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் உங்கள் கையில் இருப்பது வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கோர்ட் சம்மன் என்றால் நூலகத்தில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்துகொண்டிருக்காதீர்கள். பதில் போட 10 வேலை நாள்தான், 2025-க்கு முன் அதுவும் 5 நாளாக இருந்தது. நேராகக் கோர்ட்டின் சுய உதவி மையத்துக்கோ இலவச சட்ட உதவி அமைப்புக்கோ அன்றைக்கே போய்விடுங்கள்.