நான்காம் நாள்: ஒரு செபமாலை மாதத்தின் குறிப்புகள்

1 அக்டோபர் 2024, செவ்வாய்

மணிகளை உருட்டி மாதாவை நோக்கிச் சொல்லும் செபமாலைக்குரிய மாதம் இன்று தொடங்கியது. கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரையில் எங்கள் ஊரைப் போன்ற ஊர்களில், இந்த மாதம் முழுவதும் அந்தி மயங்கியதும் அன்பியத்தார் (அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் செபக்குழு) ஒவ்வொரு வீடாகக் கூடி, மாதா சுரூபத்தை நடுவில் வைத்துச் செபமாலை சொல்வது வழக்கம். செபம் முடிந்ததும் சுரூபம் மெழுகுதிரிகளோடும் பாட்டோடும் அடுத்த வீட்டுக்குப் போகும். பத்து மணிக்கு ஒன்றாக, நாளுக்கு ஐந்தாக, இயேசு, மரியா வாழ்விலிருந்து நாங்கள் தியானிக்கும் நிகழ்வுகளே மறையுண்மைகள்; ஒவ்வொரு மறையுண்மைக்கும் முன்னால் வாசிக்க நான்கைந்து வரிச் சிந்தனை எழுதித் தரும் பொறுப்பை இவ்வாண்டு எனக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

என் பாட்டி இவற்றைத் 'தேவ இரகசியங்கள்' என்றுதான் சொல்வார். இப்போது 'மறையுண்மை' என்கிறோம். எனக்கு இந்தச் சொல் மிகவும் பிடித்திருக்கிறது. ஏனென்றால் தமிழில் மறை என்பது வேதத்தையும் குறிக்கும், கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதையும் குறிக்கும். இயேசுவின் வாழ்வில் நடந்தது இன்னதென்று நற்செய்தி சொல்லிவிடுகிறது. நடந்ததற்குள் இருப்பதோ பத்து மணிகளை உருட்டி முடித்த பின்னும் மீதமிருக்கிறது. நாளை மறுபடி அதே இடத்துக்கு வருகிறோம்.

செவ்வாய்க்கிழமை ஆதலால் இன்று துயர மறையுண்மைகள். என் வரிகள் நன்றாக இருந்தன என்று இரண்டு பேர் சொன்னார்கள். மகிழ்ச்சியாக இருந்தது.

3 அக்டோபர், வியாழன்

ஒளியின் மறையுண்மைகள். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2002-ஆம் ஆண்டு எழுதிய திருத்தூது மடலில் இந்த ஐந்தையும் முன்வைத்தார். அதற்கு முன்பு செபமாலை, கோவிலில் கண்டடையப்பட்ட பன்னிரண்டு வயதுச் சிறுவன் இயேசுவிடமிருந்து, அவருடைய பாடுகள் தொடங்கும் கெத்சமனித் தோட்டத்துக்கு நேரே தாவியது. இயேசு மக்களிடையே நடந்து, போதித்து, குணமாக்கிய ஆண்டுகளுக்கு அதில் இடமில்லாதிருந்தது. முழுச் செபமாலையின் நூற்றைம்பது 'அருள் நிறைந்த மரியே' செபங்கள் நூற்றைம்பது திருப்பாடல்களுக்கு ஈடானவை, எழுத்தறியாத ஏழைகளின் திருப்பாடல் நூல் அது என்று கற்று வளர்ந்த என் அம்மாவுக்கு, இப்போது இருநூறு ஆனதில் சிறு வருத்தம் உண்டு. அந்த வருத்தம் நியாயமானதுதான் என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனாலும் அந்த ஐந்தில் ஒன்றான, இயேசு தண்ணீரைத் திராட்சை இரசமாக்கிய கானாவூர்த் திருமணத்தை இழக்க எனக்கு மனமில்லை.

அங்கே ஆறு கற்சாடிகள் இருந்தன, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று குடம் கொள்ளும் என்கிறார் நற்செய்தியாளர் யோவான். கூட்டிக் கணக்குப் பார்த்தால் பன்னிரண்டிலிருந்து பதினெட்டுக் குடம். தெருக்குழாயடியில் நின்று குடம் குடமாய்ச் சுமந்து பழகிய எங்கள் பெண்களுக்கு அது எவ்வளவு வேலை என்று சொல்ல வேண்டியதில்லை. எதற்காக என்று தெரியாமலேயே அந்தப் பணியாளர்கள் விளிம்பு வரை நிரப்பினார்கள். இதை எழுதி வாசித்தபோது முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

7 அக்டோபர், திங்கள்

செபமாலை அன்னையின் திருநாள். 1571-இல் இதே நாளில் லெப்பாந்தோ கடற்போரில் கிடைத்த வெற்றியை முன்னிட்டுத் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் ஏற்படுத்திய விழா என்பது வரலாறு. எங்கள் ஊர்க்காரர்கள் கடல் என்றவுடன் நினைப்பது போரை அன்று. இன்று மாலை அதைத்தான் அறிந்துகொண்டேன்.

இன்று முறை வந்த வீட்டின் தலைவர் 2017 நவம்பர் இறுதியில், ஒக்கிப் புயலுக்கு முன்பே, பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போனவர், திரும்பி வரவில்லை. எனக்கு இது தெரியும். தெரிந்திருந்தும், மகிழ்ச்சி மறையுண்மைகளுக்கான சிந்தனையை எழுதும்போது அந்த வீட்டை நான் நினைக்கவில்லை. ஐந்தாவதற்கு, 'காணாமற்போன மகனை மூன்றாம் நாள் கோவிலில் கண்டடைந்த பெற்றோரைப் போல, நம்பிக்கையோடு தேடுகிற எவரும் ஏமாற்றம் அடைவதில்லை' என்று அழகாக எழுதியிருந்தேன். வாசித்துக்கொண்டே தலையை நிமிர்த்தியபோது, சுவரில் மாலையிட்ட அவருடைய படமும், படத்துக்குக் கீழே பாயில் அமர்ந்திருந்த அந்த அக்காவின் கைகளும் கண்ணில் பட்டன. பழைய மரமணிச் செபமாலை. கடைசிப் பத்தில் ஒரு மணி உதிர்ந்துபோன இடத்தில், நீல நிற நைலான் வலைநூலால் தடித்த முடிச்சு ஒன்று போடப்பட்டிருந்தது. வலை பழுதுபார்ப்பவர்கள் போடும் அதே முடிச்சு. நுனியைத் தீயில் சுட்டு உருக்கியிருந்தார்கள்.

எல்லாரும் சுண்டலும் தேநீரும் வாங்கிக்கொண்டு கலைந்த பிறகு அக்கா என் அருகில் வந்தார். குரலில் கோபம் இல்லை.

"மக்களே, அந்த மூணு நாளும் எனக்குத் தெரியும். நாலாம் நாள்தான் எனக்கு வரல்ல."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

8 அக்டோபர், செவ்வாய்

இரவு வெகுநேரம் லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். இத்தனை ஆண்டுகளாய்ச் சொல்லிவந்த மறையுண்மை, ஆனால் நான் அதன் பாதியிலேயே எழுந்து போயிருக்கிறேன்.

சிறுவன் இயேசு பயணக் கூட்டத்தில் உறவினர்களோடு இருப்பான் என்று எண்ணிப் பெற்றோர் ஒரு நாள் வழி நடந்தார்கள். இல்லை என்று தெரிந்ததும் எருசலேமுக்குத் திரும்பித் தேடினார்கள். மூன்று நாள்களுக்குப் பின் கண்டார்கள். நான் எப்போதும் இங்கே நிறுத்திவிடுவேன். லூக்கா நிறுத்தவில்லை. 'மகனே, ஏன் இப்படிச் செய்தாய்' என்று தாய் கேட்கிறார். மகன் ஒரு பதில் சொல்கிறார். அந்தப் பதில் அவர்களுக்குப் புரியவில்லை என்று அடுத்த வசனம் வெளிப்படையாகவே சொல்கிறது. கண்டடைந்த பின்னும் புரியவில்லை! அதற்கும் அடுத்த வசனத்தில், தாய் அவற்றையெல்லாம் தம் உள்ளத்தில் வைத்துக்கொண்டார் என்று வருகிறது. விளக்கம் கிடைத்ததால் வைத்துக்கொண்டார் என்று இல்லை. விளங்காததை விளங்காததாகவே சுமந்துகொண்டு நாசரேத்துக்கு நடந்தார்.

இதற்கு முந்தைய மறையுண்மையிலும் இதே நிழல் உண்டு. நாற்பது நாள் குழந்தையைக் கோவிலுக்கு எடுத்துவந்தபோது, ஏழைகளின் காணிக்கையாகிய புறாக்களோடு வந்த அந்த இளந்தாயிடம், உம் உள்ளத்தையும் ஒரு வாள் ஊடுருவும் என்று சிமியோன் சொல்கிறார். மகிழ்ச்சி மறையுண்மைகளின் கடைசி இரண்டும் மகிழ்ச்சியை விடாமலே வரப்போகும் துயரத்தையும் காட்டுகின்றன என்று 2002 மடலிலும் எழுதியிருக்கிறது. அதை நான் முன்பே வாசித்தவள்தான். அக்காவின் ஒரு வாக்கியம் கேட்ட பிறகுதான் அது உள்ளே இறங்கியது.

11 அக்டோபர், வெள்ளி

துயர மறையுண்மைகளுக்கு இன்று சிந்தனை எழுதவில்லை. நற்செய்தியிலிருந்து இரண்டிரண்டு வசனம் மட்டும் வாசித்தேன். யாரும் குறை சொல்லவில்லை. நான்காவதில் சீரேனே ஊர்ச் சீமோனைப் பற்றிய வசனம் வந்தது. வயல்வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தவரைப் பிடித்துச் சிலுவையைச் சுமக்க வைத்தார்கள். அவர் ஒரு வார்த்தை பேசியதாகவும் எழுதப்படவில்லை.

16 அக்டோபர், புதன்

திருத்தந்தை அந்த மடலில் கையெழுத்திட்டு இன்றோடு இருபத்திரண்டு ஆண்டுகள். மகிமை மறையுண்மைகள். இவற்றை எழுதுவதற்குத்தான் நான் மிகவும் அஞ்சினேன், ஏனென்றால் மகிமையைப் பற்றி எளிதாகப் பேசிவிட முடியும். பேசிவிட்டேன் என்பதை 7-ஆம் தேதி உணர்ந்தேன்.

உயிர்த்தெழுந்தவர் சீடர்களிடம் கைகளையும் விலாவையும் காட்டுகிறார் என்று யோவான் எழுதுகிறார். ஆணி பாய்ந்த இடங்கள் மறைந்துபோயிருக்கலாம், இறைவனால் முடியாததா? மறையவில்லை. காயம் காயமாகவே இருந்துகொண்டு மகிமைக்குள் வந்துவிட்டது. அன்னையின் விண்ணேற்பும் முடிசூட்டலும் நற்செய்தியில் விவரிக்கப்படவில்லை. விண்ணேற்பைத் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1950 நவம்பர் 1 அன்று விசுவாசக் கோட்பாடாக அறிவித்தார். அந்த இரண்டையும் சொல்லும்போது, வாள் ஊடுருவிய அந்த உள்ளத்தோடேயே அன்னை எடுத்துக்கொள்ளப்பட்டார் என்று நினைத்துக்கொண்டேன். முதன்முறையாக, அந்தப் பத்து மணிகளும் என்னைவிட்டு எங்கோ தொலைவில் நடப்பதாகத் தோன்றவில்லை.

26 அக்டோபர், சனி

மீண்டும் மகிழ்ச்சி மறையுண்மைகள். இன்றைய வீடு குருசடிக்கு அருகில், ஒரே அறை; பாதிப்பேர் முற்றத்து மணலில் அமர்ந்தார்கள். அக்காவும் வந்திருந்தார். இந்த மாதத்தில் தம் வீட்டுக்கு வெளியே அவர் செபமாலைக்கு வந்தது இதுவே முதல் தடவை.

ஐந்தாவதற்கு நான் எழுதியிருந்தது நான்கே சிறு வாக்கியங்கள்: மூன்று நாள் தேடினார்கள். கண்டார்கள். அவர் சொன்னது அவர்களுக்குப் புரியவில்லை. தாய் அதைத் தம் உள்ளத்தில் வைத்துக்கொண்டார். வாசித்து முடித்து, இந்தப் பத்தை யார் முன்சொல்வது என்று சுற்றிப் பார்த்தேன். அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் சொல்லுதேன்" என்றார்.

கர்த்தர் கற்பித்த செபம் முடிந்து ஒவ்வொரு மணியாக நகர்ந்தது. அவர் முதல் பாதியைச் சொல்ல, நாங்கள் 'இப்பொழுதும் எங்கள் இறப்பின் வேளையிலும்' என்று முடித்தோம். ஏழாவது மணி அந்த நீல முடிச்சு. அங்கே அவர் விரல் நின்றது, குரலும் நின்றது. முற்றத்தில் இருந்தவர்கள் உட்பட யாரும் அவருக்காக எடுத்துச் சொல்லவில்லை, காத்திருந்தோம். சற்று நேரம் கழித்து, அதே குரலில், "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று தொடங்கினார்.

பத்தும் முடிந்தது. சுரூபத்தை அடுத்த வீட்டுக்கு எடுத்துச் செல்லும்போது காற்று பலமாக அடித்தது. மெழுகுதிரி அணையாதபடி உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு அக்கா முன்னால் நடந்தார்.