பேரல் நீளமும் ஓர் எழுத்தரும்: பழைய .22 ரைபிள் வாங்கிய அனுபவம்

ஒருவழியாக .22 ரைபிள் (குழலின் உள்விட்டம் சுமார் 0.22 அங்குலம்) என் உரிமத்தில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். உரிமம் வாங்கிய கதை இங்கே வேண்டாம். சென்னையில் காவல் ஆணையரிடம் விண்ணப்பித்தேன், விசாரணை நடந்தது, கிடைத்தது. என் பொறுமையைத் தின்றவை இரண்டு: பேரல், அதாவது துப்பாக்கிக் குழலின் நீளமும், வெளியூர் எழுத்தர் ஒருவரும்.

முதலில் கடைக்காரர். 50 மீட்டர் போட்டியில் படுத்துச் சுடுவதற்கு ரைபிள் வேண்டும் என்று நான் சொல்ல, அவர் என் கணவரைப் பார்த்துப் பதில் சொன்னார். கார் ஓட்டி வந்ததைத் தவிர என் கணவருக்கும் துப்பாக்கிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. "26 அங்குலத்துக்குக் குறைந்து வாங்காதீர்கள் சார். நீளம் கூடக் கூடக் குறி தப்பாது. வெளிநாட்டில் வேட்டைக்காரர்கள் எல்லாரும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள்."

வேட்டைக்காரர்கள் வைத்திருக்கலாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இங்கே யார் வேட்டைக்குப் போகிறார்கள்? அவர் சொன்ன கணக்கு .300 வின்செஸ்டர் மேக்னம் போன்ற பெரிய வேட்டைத் தோட்டாக்களுக்கு உரியது. அதில் ஏறக்குறைய நாலரை கிராம் வெடிமருந்து, மெதுவாக எரியும் வகை. அது எரிந்து முடிய நீண்ட குழல் வேண்டும். ஓர் அங்குலம் குறைத்தால் வினாடிக்குச் சுமார் 20 முதல் 30 அடி வேகம் போய்விடும். தொலைவில் நிற்கும் விலங்கைச் சுடுபவருக்கு அது பெரிய இழப்புதான். ஆனாலும், மலையேறி நாள் முழுக்கத் தோளில் சுமக்க வேண்டியவர்கள் அங்கேயும் 22, 24 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வதுண்டு.

.22 தோட்டாவில் இருப்பது சுமார் 0.1 கிராம் மருந்து. 16, 18 அங்குலத்துக்குள் அது தன் வேலையை முடித்துவிடும். அதற்கு மேல் குழல் கொடுப்பது பெரும்பாலும் உராய்வுதான். போட்டித் தோட்டா வினாடிக்குச் சுமார் 325 மீட்டரில், ஒலியின் வேகத்துக்குக் கீழே போகும்படி செய்யப்பட்டது. எங்களுக்கு வேகம் தேவையே இல்லை. மேலும், ஒரே பருமனுள்ள இரண்டு குழல்களில் குட்டையானதுதான் விறைப்பானது. குறி தப்பாமை நீளத்தில் இல்லை, குழலின் தரத்திலும் தோட்டாவோடு அது ஒத்துப்போவதிலும் இருக்கிறது.

நீளத்தால் எங்களுக்குக் கிடைக்கும் உண்மையான பயன் ஒன்று உண்டு. குறிபார்க்க வைத்திருக்கும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடைவெளி கூடினால் குறிபார்ப்பதில் பிசகு குறையும். அதற்குக் குழலையே நீட்ட வேண்டியதில்லை. முன் சைட்டைத் தாங்கி, முனையில் திருகும் வெற்றுக் குழாய் ஒன்று போதும். ஐந்தடி உயரமுள்ள எனக்கு முனை கனத்த ரைபிள் இடது கையை மரக்கவைக்கும். துப்பாக்கி சுடும் சங்கத்தில் இரண்டு வகையையும் வாங்கிச் சுட்டுப் பார்த்தபின்தான் முடிவு செய்தேன். நீங்களும் பணம் கொடுப்பதற்கு முன் அதைச் செய்யுங்கள். கடையில் நின்றபடி தூக்கிப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது.

கடையை விட்டுவிட்டு, வெளியூரில் துப்பாக்கி சுடும் மூத்த வீரர் ஒருவர் தன் ரைபிளை விற்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். அவரும் "26 அங்குலம்" என்றே சொல்லி, அதற்கேற்ற விலை கேட்டார். தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை அடைக்கும் பாகம்) மூடி, முனைக் குழாயைத் திருகிக் கழற்றினேன். துடைக்கும் கோலை முனைவழியாக விட்டு, அடியில் முட்டியதும் முனையோரத்தில் அடையாளம் வைத்து அளந்தேன். 20 அங்குலம்! மீதி எல்லாம் குழாய். எனக்கு வேண்டியதே அதுதான் என்பதை முகத்தில் காட்டாமல் விலையைக் கணிசமாகக் குறைத்தேன். இந்த மொத்த அலைச்சலில் நான் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

விற்பவர் எழுத்துமூலம் அதிகாரிக்குத் தகவல் கொடுத்து 45 நாட்கள் கழிந்த பிறகே துப்பாக்கி கைமாறலாம். அது சட்டம், காத்திருந்தோம். காத்திருப்பு முடிந்து போனால், அந்த ஊர் எழுத்தர் விற்பவரின் உரிமத்தையும் ரைபிளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எண் பொருந்தவில்லை என்றார். அவருடைய பழைய உரிமத்திலிருந்து புது உரிமத்தில் ஏற்றும்போது யாரோ 6ஐ 8 ஆக்கியிருக்கிறார்கள். "உங்கள் துப்பாக்கியில்தான் தப்பாகப் பொறித்திருப்பார்கள் அம்மா" என்றார் முகம் மாறாமல். ஜெர்மனியில் செய்தவர்களுக்குக் கடிதம் போடட்டுமா என்று கேட்டேன். அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

விற்பவரின் மனைவி புண்ணியவதி. பழைய உரிமப் புத்தகத்தை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அதில் எண் சரியாக இருந்தது. அதைக் கொண்டுபோய் எழுத்தருக்கு மேலே இருந்தவரிடம் காட்டியதும் திருத்தம் ஆனது. ஆனால் திருத்திய எண்ணோடு மறுபடியும் தகவல், மறுபடியும் 45 நாட்கள்.

ஆகவே பேரத்துக்கு முன்பே, ரைபிளில் பொறித்த எண்ணையும் உரிமத்தில் இருப்பதையும் ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுங்கள். பழைய உரிமப் புத்தகத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். தேர்தல் நெருங்கினால் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்வார்கள். விளையாட்டு வீரர்கள் விலக்கு கேட்கலாம், விண்ணப்பத்தை முன்கூட்டியே எழுதிவையுங்கள். முனைக் குழாய் வைத்த ரைபிள் என்றால், அந்தத் திருகுமரையைப் பார்க்காமல் வாங்காதீர்கள். நம் ஊர்க் கடல்காற்றில் முதலில் துருப்பிடிக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. எனக்கு வந்ததிலும் லேசாக இருந்தது. எண்ணெய் விட்டு ஒரு மாலை முழுக்கத் தேய்த்த பிறகுதான் போயிற்று.