கோயில் வாசலில் நீல வரித் தேனீ

வியாழக்கிழமை இரவு பெரியம்மா போன் செய்தார். "கோயில் வாசல்ல குளவி வந்து கூடு வச்சிருக்கும்மா. சனிக்கிழமை மருந்து அடிக்கப் போறாங்க. நீதான் பூச்சியெல்லாம் பார்ப்பியே, அதான் சொல்லலாம்னு."

"கூடு எங்க தொங்குது பெரியம்மா?"

"தொங்கலையே. மண்ணுல ஓட்டை ஓட்டையா இருக்கு. வயித்துல நீலமா கோடு."

மண்ணில் ஓட்டை, வயிற்றில் நீலக் கோடு. அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் லீவு சொல்லிவிட்டு, விடிவதற்கு முன்பே கிள்ளானிலிருந்து காரை எடுத்தேன்.

ஈஜோக்கைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் செம்பனைதான். ஊரின் பெயர் பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று இருக்கும். 2007ல் பெயர் மாற்றினார்கள். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. இன்றைக்கும் பத்தாங் பெர்சுந்தைதான். 1917ல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் தொடங்கியது இந்த வட்டாரத்தில்தான். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். செம்பனை விளைந்த மண்ணுக்குத் தமிழில் தென்னையின் பெயர் அமைந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியமாக இருக்கும். கொஞ்சம் தள்ளி, ஈயம் தோண்டிய காலத்துக் குளங்கள் சாம்பல் நிறத்தில் கிடக்கின்றன. ஒரு பக்கம் தோட்டம், ஒரு பக்கம் சுரங்கம், நடுவே சிலாங்கூர் ஆறு. எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறை இந்த மண்ணில்தான் வேலை பார்த்தது.

பஜாரில் ஒரு கடையின் அஞ்சடியில் உட்கார்ந்து தோசையும் தே ஓவும் முடித்துவிட்டுப் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். "பசியாறியாச்சா?" என்று கேட்டுக்கொண்டே மறுபடியும் ஒரு தட்டு வைத்தார். அதையும் சாப்பிட்டேன். சரி, முதலில் கோயிலைப் பார்ப்போம் என்று தம்பியையும் கூட்டிக்கொண்டு கிளம்பினோம்.

பழைய லயத்து வீடுகளுக்குப் பின்னால், ரம்புத்தான் மரத்தடியில் சின்னக் கோயில். வாசலில் புல் முளைக்காத செம்மண் தரை. பல வருடமாக ஆள் நடந்து நடந்து இறுகிப்போன மண். அதில்தான் ஓட்டைகள். ஒவ்வொன்றும் பென்சில் நுழையும் அகலம். சுற்றிலும் புதிதாக வெளியே தள்ளிய மண் சின்னக் குவியலாகக் கிடந்தது. நாற்பது வரை எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன். ஓட்டைக்கு நேராகக் குனிந்து கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் உள்ளே ஒரு கருப்பு முகம் மெல்ல மேலே வந்து எட்டிப் பார்ப்பது தெரியும். நிழல் ஆடினால் போதும், சட்டென்று உள்ளே இறங்கிவிடும்.

இது குளவி இல்லை என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. வெளியிலிருந்து திரும்பிய ஒன்றின் பின்னங்கால்கள் இரண்டிலும் மஞ்சள் மகரந்தம் அப்பியிருந்தது. நம் ஊரில் கூடு வைக்கிற குளவிகள் புழுவையும் சிலந்தியையும் பிடித்து வந்து குஞ்சுக்குப் போடும். மகரந்தத்தைக் காலில் சுமந்து வராது. இது தேனீ. அதுவும் தனித்து வாழ்கிற தேனீ. இங்கே ராணி கிடையாது, வேலைக்காரி கிடையாது. ஒவ்வொரு பெண்ணும் தனக்கென ஒரு சுரங்கம் தோண்டி, உள்ளே சின்ன அறை கட்டி, மகரந்தத்தை உருட்டி வைத்து, அதன்மேல் முட்டையிட்டு மூடிவிடும். நாற்பது ஓட்டை என்றால் நாற்பது தனிக்குடித்தனம். பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, அவ்வளவுதான். கூட்டமாகக் காக்க வேண்டிய கூடு இல்லாததால் குளவி மாதிரி துரத்திக் கொட்டாது. கையில் பிடித்து நசுக்கினால் பெண் கொட்டும். ஆணுக்குக் கொடுக்கே கிடையாது.

தம்பி அதற்குள் போனில் ஒரு படம் எடுத்துச் செயலியில் போட்டுவிட்டான். "அக்கா, ஆந்த்ரீனான்னு வருது."

எனக்கு ஆந்த்ரீனா நன்றாகத் தெரியும். இங்கிலாந்தில் படித்த ஒரு வருடம், ஏப்ரல் மாதத்தில் விடுதிப் புல்வெளியில் எரிமலை மாதிரி மண்மேடு வைத்திருந்த தேனீக்களைத் தினமும் போய்ப் பார்ப்பேன். முதுகு முழுக்க நரியின் நிறத்தில் அடர்ந்த மயிர், முகமும் காலும் கருப்பு. ஆந்த்ரீனா ஃபுல்வா என்று பெயர். நிலத்தில் சுரங்கம் தோண்டும் தேனீ என்றாலே அந்த நாட்டு மக்களுக்கு ஆந்த்ரீனாதான் நினைவுக்கு வரும். செயலிகளுக்கும் அந்த நாட்டுப் படங்கள்தான் நிறையக் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். 1775ல் ஃபாப்ரீசியஸ் அந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தார். அந்தக் காலத்தில் இன்று வேறு குடும்பங்களில் இருக்கிற பல தேனீக்களையும் அதற்குள்ளேயே போட்டு வைத்திருந்தார்கள்.

ஆனால் ஆந்த்ரீனாப் பெண்ணுக்கு முகத்தில் ஒரு முத்திரை உண்டு. இரண்டு கண்களின் உள்ஓரத்தை ஒட்டி மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய பள்ளம். அதில் வெல்வெட் துணி மாதிரிக் குட்டை மயிர். வெளிச்சம் சாய்வாக விழும்போது அது பளிச்சென்று மின்னும். அந்தப் பள்ளம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் ஆந்த்ரீனா என்று சொல்லக் கூடாது. அதைப் பார்க்க வேண்டுமானால் தேனீயைக் கொஞ்ச நேரம் சும்மா இருக்கச் செய்ய வேண்டும்.

பெரியம்மாவிடம் ஒரு தெளிவான பிளாஸ்டிக் டப்பா வாங்கினேன். ஓட்டையின் வாயில் கவிழ்த்து வைத்தால் தேனீ தானே மேலே ஏறிவிடும். மூடி போட்டு ஃப்ரிட்ஜில் பத்து நிமிடம், சாம்பார்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில். குளிரில் அது மயங்கி அசையாமல் இருக்கும். வெளியே எடுத்து இரண்டு மூன்று நிமிடத்தில் சூடேறிப் பறந்துவிடும். அந்த இரண்டு மூன்று நிமிடம்தான் நமக்கு.

பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லையைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டு, தேனீயை வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தேன். முதலில் உணர்கொம்பு. கணுக்களை எண்ணினால் பன்னிரண்டு. பதின்மூன்று இருந்தால் ஆண். இது பெண். கண்ணோரத்தில் பள்ளம் இல்லை, வெல்வெட்டும் இல்லை. ஆந்த்ரீனா கதை அத்தோடு முடிந்தது.

அதுவரை என் மனதில் அமெகில்லா என்ற பெயர் உறுதியாக இருந்தது. நீல வரி என்றால் நம் பக்கத்தில் எல்லோரும் சொல்வது அதைத்தான். லின்னேயஸ் 1758லேயே விவரித்த அமெகில்லா சோனாட்டாவின் கூட்டம். அதுவும் மண்ணில் கூடு வைக்கும். நேற்று இரவு போனில் கேட்டபோதே எனக்குள் அந்தப் பெயரை எழுதி முடித்துவிட்டேன். வில்லையை வயிற்றுப் பக்கம் நகர்த்தினேன்.

அமெகில்லாவின் நீலம் மயிரில் இருக்கும். கருப்பு வயிற்றின்மேல் நீல மயிர் வரிசையாகப் படுத்துக் கோடாகத் தெரியும்; வயதானால் தேய்ந்து உதிர்ந்து கோடு மங்கிவிடும். என் முன்னால் இருந்த தேனீயின் கோட்டில் ஒரு மயிர்கூட இல்லை. ஒவ்வொரு வளையத்தின் விளிம்பும் வழவழவென்று, எனாமல் பூசிய பாத்திரத்தின் ஓரம் மாதிரி இருந்தது. தாளைத் திருப்பத் திருப்ப நீலம் பச்சையாகி, பச்சை முத்து வெள்ளையாகி, மறுபடியும் நீலத்துக்கு வந்தது. நிறம் தோலிலேயே இருந்தது. மயிர் உதிர்ந்து போனாலும் இந்த நிறம் போகாது.

இதை ஒரு தடவை பார்த்துவிட்டால் பிறகு மறக்க முடியாது. நீலம் மயிரிலா தோலிலா என்ற அந்த ஒரே கேள்விதான் இந்த இரண்டு நீல வரித் தேனீக்களையும் பிரிக்கிறது. மற்ற அடையாளங்கள் அதன்பின் வரிசையாக வந்து சேர்ந்தன. அமெகில்லாவுக்கு முகத்தில் மஞ்சள் முகமூடி போட்ட மாதிரி இருக்கும், இதற்கு இல்லை. அமெகில்லாவின் நாக்கு நீளம், மடக்கி உடலுக்கு அடியில் வைத்திருக்கும். இதன் நாக்கு குட்டையாக, நுனி கூர்மையாக இருந்தது. இது நோமியா. 1804ல் லத்ரேய் பெயர் வைத்த பேரினம், ஹாலிக்டிடே என்கிற குட்டை நாக்குத் தேனீக் குடும்பம். இதன் உறவுக்காரத் தேனீ ஒன்றை அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் குதிரைமசால் வயல்களுக்காகவே உப்பு மண்ணில் பாத்தி போட்டு வளர்க்கிறார்கள்.

தேனீ கால்களை நீட்டியது, இறக்கையை ஒருமுறை சிலிர்த்தது, போய்விட்டது.

பேரினம் தெரிந்தால் போதுமா? எனக்குப் போதவில்லை. நோமியாவில் ஓர் இனத்தை இன்னோர் இனத்திலிருந்து பிரிக்க ஆணின் பின்காலைத்தான் பார்ப்பார்கள். அதன் தொடை தடித்து வீங்கியிருக்கும். அதற்குக் கீழே உள்ள பகுதி தட்டையாக விரிந்திருக்கும். அந்த விரிவின் வடிவம் இனத்துக்கு இனம் மாறும். அதனால் மாலையில் ஆணைத் தேடிப் போனோம். கோயிலுக்குப் பின்னால் வாய்க்கால் ஓரத்தில் செண்டுடுக் புதர் நிறைய இருந்தது. செண்டுடுக் பூவில் மகரந்தப் பைகள் நுனியில் மட்டும் துளை விட்டிருக்கும். சும்மா போய் உட்கார்ந்தால் ஒன்றும் கிடைக்காது. தேனீ அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிர வைத்தால்தான் பொடி கொட்டும். ஒரு பெண் நோமியா மஞ்சள் கேசரத்தைப் பிடித்துக்கொண்டு "ர்ர்ர்" என்று அதிர்ந்தது எங்கள் இருவருக்கும் நன்றாகக் கேட்டது. தம்பி போனைக் கீழே வைத்துவிட்டுக் காதைப் பூவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

ஆண் அன்றைக்குக் கிடைக்கவில்லை.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்து தன் பழைய கதையைச் சொன்னார். கல்யாணத்துக்கு முன் அவருக்குத் தோட்டத்தில் வேலை, செம்பனைப் பூவுக்குப் பவுடர் அடிப்பது. ஆண் பூவின் மகரந்தத்தை முகப்பவுடரோடு கலந்து, பெண் பூ விரிந்த மரத்தைத் தேடித் தேடி, குழலில் வைத்து ஊதுவார்கள். மட்டை முள் கையைக் கிழிக்கும். 1981ல் கேமரூனிலிருந்து சின்னக் கூன்வண்டு ஒன்றைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த வண்டு பூவுக்குப் பூ மகரந்தத்தைக் கொண்டுபோனது. பவுடர் வேலையே இல்லாமல் போனது. "வெட்டு வேலைக்கு மாத்திட்டாங்க. எனக்கு அந்த வண்டு மேல கோபம் ரொம்ப நாள் இருந்துச்சும்மா." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ இதுவும் பவுடர் வேலை பாக்குதுன்னு சொல்லு" என்றார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே நான் வாசலில் இருந்தேன். வெயில் தரையைத் தொட்டதும் ஓட்டைகளுக்கு மேலே தாழ்வாகச் சிலது சுற்ற ஆரம்பித்தன. காலில் மகரந்தம் இல்லை, உடல் மெலிவு. வலையை வீசியதில் மூன்றாவது தடவை ஒன்று சிக்கியது. மறுபடியும் டப்பா, ஃப்ரிட்ஜ், பத்து நிமிடம். உணர்கொம்பில் பதின்மூன்று கணு. பின்தொடை உருண்டு திரண்டிருந்தது. கால் விரிவை நான்கு கோணத்தில் படம் எடுத்துக்கொண்டேன், கூடவே அளவுகோலையும் வைத்து.

பெரியம்மா வில்லையைக் கேட்டு வாங்கினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "தோண்டுறது, சுமக்கிறது எல்லாம் பொம்பளை. தொடை மட்டும் இவனுக்கு இவ்வளவு பெருசு!"

எட்டரை மணிக்கு மருந்துப் பம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு பக்கத்து லயத்து அண்ணன் வந்தார். கூடவே பூசாரியும் இரண்டு பேரும். நான் பேச ஆரம்பிப்பதற்குள் பெரியம்மா முந்திக்கொண்டார். "இது குளவி இல்ல தம்பி, ஈ. கொட்டாது. கோடு தோல்லயே இருக்கு, வந்து பாரு." அண்ணன் பம்பை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்தார். வில்லை ஒவ்வொரு கையாகச் சுற்றியது. பூசாரி மட்டும் பார்க்கவில்லை, "திருவிழாவுக்குப் பந்தக்கால் எங்க நடுறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு பெண் தேனீ வெளியில் நடமாடுவது சில வாரம்தான் என்றேன். முட்டையும் புழுவும் மண்ணுக்குள் இருக்கும். அந்த இடத்தில் தோண்டாமல், மருந்து ஊற்றாமல் இருந்தால் போதும். அவர் முற்றத்தை ஒருமுறை நடந்து அளந்தார். பந்தலை ரம்புத்தான் மரத்துப் பக்கம் ஏழு அடி தள்ளிப் போடலாம் என்று அவரே சொன்னார்.

நான் கிளம்பும்போது பெரியம்மா நான்கு குச்சியை ஊன்றி, ஓட்டைகளைச் சுற்றிச் சிவப்பு ராஃபியா கயிறு கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே ஒன்று மண்ணைத் தள்ளித் தள்ளி வெளியே போட்டுக்கொண்டிருந்தது.