காத்திருக்கக் கற்றுக்கொண்ட என் மகன்

பாம்பனில் வசிக்கிறோம். ஆட்டிசம் உள்ள எங்கள் மகனுக்கு ஏழு வயது ஆகிறது. மதிப்பீடு, சான்றிதழ், மாற்றுத்திறனாளி அட்டை ஆகியவை பெரிய அலைச்சலின்றிக் கிடைத்துவிட்டன. பிறரோடு பழகக் கற்றுக்கொடுப்பதில்தான் நாங்கள் பல மாதங்களை இழந்தோம். அந்த ஆற்றாமை இன்னும் அடங்கவில்லை.

மதுரையில் உள்ள ஒரு பயிற்சி மையத்திற்குச் சனிக்கிழமைதோறும் விடியற்காலைப் பேருந்தில் அவனை அழைத்துச் சென்றேன். அங்கே முதலில் தொடங்கியது கண்ணைப் பார்க்கும் பயிற்சி. மோவாயைப் பிடித்து முகத்தைத் திருப்பி, "என்னைப் பார்" என்பார்கள். பார்த்தால் ஒரு துண்டு பிஸ்கட். வீட்டிலும் அப்படியே செய்யச் சொன்னார்கள்; அவன் திமிறி அழுதபோதும் செய்தேன். நான்கு மாதம் கழித்து, எங்கள் தெருக் கடையில் நின்ற ஒரு பெண்ணின் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு அவன் கையை நீட்டினான். "பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்காமலா கூட்டி வந்தே?" என்று அவர் கேட்டதைவிட, அவன் நாங்கள் கற்றுக்கொடுத்ததைத்தான் பிழையின்றிச் செய்கிறான் என்று உணர்ந்ததே எனக்கு அதிகம் வலித்தது. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்குக் கண்ணோடு கண் பார்ப்பது பெரும் அவஸ்தை. பார்க்காமலே அவர்களால் கவனித்துக் கேட்க முடியும். யாராவது உங்கள் பிள்ளையின் முகத்தை வலிந்து திருப்பினால், அங்கேயே தடுத்துவிடுங்கள்.

அந்த மையம் கொடுத்த படத்தாள்களும் பயன்படவில்லை. பனியில் விளையாடும் பிள்ளைகளுக்கும் இவனுக்கும் என்ன தொடர்பு? அமெரிக்க ஆசிரியை கரோல் கிரே 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய 'சமூகக் கதை' முறையைப் பற்றிப் பிறகுதான் அறிந்தேன். இப்படிச் செய், அப்படிச் செய்யாதே என்று கட்டளையிடுவதைவிட, நடப்பதைக் குழந்தைக்கு விவரித்துச் சொல்வதே அதில் முக்கியம். எங்கள் கடையையும் கடைக்கார அண்ணனையும், அவர் அனுமதியோடு, கைபேசியில் படமெடுத்து அட்டையில் ஒட்டினேன். "கடையில் சில நேரம் ஆட்கள் நிற்பார்கள். முதலில் வந்தவர் முதலில் வாங்குவார். பிறகு என் முறை வரும்" என்று கீழே எழுதினேன்.

ஆனாலும் 'முறை' என்ற சொல் அவனுக்குப் பிடிபடவில்லை. பிடிபட வைத்தது ரயில். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தில், கப்பலுக்காக நடுப்பகுதி மேலே உயரும். அது இறங்கும்வரை ரயில் காத்திருக்க வேண்டும். ரயில் என்றால் அவனுக்கு உயிர். "கப்பல் போகட்டும், அடுத்து ரயில்" என்று சொன்ன அன்றுதான் அவன் என் கையை உதறாமல் நின்றான். உங்கள் பிள்ளை எதில் மூழ்கிக் கிடக்கிறதோ, அதற்குள்ளிருந்தே சொற்களை எடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்குப் போகும் என் கணவர் வீட்டில் இருந்தார். பல்லாங்குழியில் ஆளுக்கொரு சோழியாக மாறி மாறிப் போடும் விளையாட்டை மட்டும் அவனோடு தினமும் பத்து நிமிடம் ஆடினார். அழகாக ஆடினான். தடை முடிந்து அவர் கடலுக்குப் போனதும், என்னோடு ஆட மறுத்துப் பலகையைக் கவிழ்த்தான். ஒருவரோடு கற்றது இன்னொருவரிடம் தானாக வராது என்பதை அப்போதுதான் புரிந்துகொண்டோம். என்னோடும், அப்பத்தாவோடும், பக்கத்து வீட்டுச் சிறுமியோடும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கினோம். எல்லோரும் ஒரே சொற்களைச் சொல்ல வேண்டும். அப்பத்தா "பொறுடா" என்றும் நான் "நில்" என்றும் சொன்ன நாள்களில் அவன் குழம்பிப்போனான்.

கடைக்கு ஆளில்லாத மதிய நேரத்தில் போகத் தொடங்கி, ஒருவர் நிற்கும்போது, பிறகு இருவர் நிற்கும்போது என்று கூட்டினோம். சென்ற வாரம் மூன்று பேருக்குப் பின்னால் நின்றான். யார் முகத்தையும் பார்க்கவில்லை. கடைசி ஆள் நகர்ந்ததும், "அடுத்து ரயில்" என்று சொல்லிப் பணத்தை நீட்டினான். அண்ணனும் அதைப் புரிந்துகொண்டு சோப்பை எடுத்துக் கொடுத்தார்.

ரேஷன் கடைக்கான படங்களை இனிமேல்தான் எடுக்க வேண்டும்.