மெர்லோ: களிமண்ணில் வளரும் வைன் திராட்சை

பிரான்ஸின் வைன் பகுதியான போர்தோ என்றதும் கபர்னே சோவின்யோன் என்ற திராட்சை வகைதான் பலருக்கு நினைவு வரும். ஆனால் அங்கே அதிகப் பரப்பில் பயிராவது மெர்லோ. இரண்டுக்கும் தகப்பன் கபர்னே ஃப்ரான், தாய்தான் வேறு.

மெர்லோவின் சிறப்பைப் பார்க்க டோர்டோன் ஆற்றின் வலது கரைக்கு வர வேண்டும்: பொமரோல், சேன் எமிலியோன். பொமரோலின் மேட்டில் களிமண் அதிகம். அது ஈரத்தைப் பிடித்து வைக்கும், மெதுவாகத்தான் சூடேறும். சீக்கிரம் பழுக்கும் மெர்லோவுக்கு அது தோது. தாமதமாகப் பழுக்கும் கபர்னே சோவின்யோனுக்கு, போர்தோவின் இன்னொரு பகுதியான மெதோக்கின் சூடான சரளை மண்ணே சரி.

தொல்லையும் உண்டு. துளிர் முந்தி விடுவதால் உறைபனியில் முதலில் அடிபடுவது இதுதான். 2017 ஏப்ரலில் அப்படித்தான் ஆனது. 1956 பிப்ரவரிக் குளிரோ கொடிகளையே கொன்றது. பூக்கும் சமயத்தில் குளிர்மழை பிடித்தால் பூ உதிர்ந்து, குலை பொக்கையாகிவிடும். தோல் மெல்லியது என்பதால் அறுவடை மழையில் அழுகல் வேறு.

பறிக்கும் நாள்தான் உண்மையான சோதனை. பழத்தை மென்று விதையைப் பாருங்கள். பச்சையாக இருந்தால் வைனில் குடைமிளகாய் வாடை வரும். பழுப்பாகி, கடித்தால் நொறுங்கினால் பறிக்கலாம். அதற்குமேல் விட்டுவைத்தால் சர்க்கரை ஏறி, புளிப்பு இறங்கி, ஆல்கஹால் 15 சதவீதத்தைத் தொடும். குடித்தால் ஜாம்தான்!

பரிமாற 16 முதல் 18 டிகிரி போதும். அதைத் தாண்டினால் ஆல்கஹால் நெடிதான் மூக்கில் ஏறும்.