ஒதுக்கி வைத்த சின்ன விதைகள்

"மேடம், சின்ன விதையை எல்லாம் ஒதுக்கிட்டா, பாதிப்பையே ஒதுக்கின மாதிரி ஆயிடாதா?"

மாணவி கேட்டபோது என் கையில் இடுக்கி இருந்தது. தட்டில் முதல் தலைமுறைக் கோதுமை விதைகள். கிலோ மண்ணுக்கு 500 மில்லிகிராம் சீரியம் ஆக்சைடு நானோ துகள், அதாவது கண்ணுக்குத் தெரியாத உலோக ஆக்சைடு நுண்துகள், கலந்த தொட்டிகளில் விளைந்தவை. துகளின் பாதிப்பு அடுத்த தலைமுறைக்கும் போகிறதா என்று பார்க்க, இவற்றில் பொறுக்கியதை மறுபடி விதைக்கவேண்டும். "ஒரே அளவு விதையை எடுத்தாத்தாம்மா ஒப்பிட முடியும்" என்றேன். பேச்சு அதோடு முடிந்தது. எனக்குள் முடியவில்லை.

நான் சொன்னதில் தவறில்லை. சின்ன விதையில் முளைக்கான சேமிப்பு குறைவு, நாற்று நோஞ்சானாகத்தான் வரும். அந்த மெலிவைத் துகளின் தலையில் கட்டினால் ஆய்வே கோணலாகிவிடும். அளவு பார்த்து விதை பொறுக்குவது எங்கள் துறையில் வழக்கம். நானும் அப்படித்தான் கற்றேன்.

ஆனால் தாய்ச்செடி பட்ட பாடு பிள்ளைக்குப் போகும் வழிகளில் ஒன்று அந்த விதைச் சேமிப்புதானே? துகளே விதைக்குள் ஏறவேண்டும் என்பதில்லை. 2012இல் வெளியான சோயா ஆய்வில் சீரியம் பெரும்பாலும் வேரிலும் வேர்முடிச்சிலுமே தங்கியது. அங்கிருந்தபடியே, காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உதவும் வடிவமாக்கும் நைட்ரஜன் நிலைநிறுத்தத்தைக் கெடுத்து, விளைச்சலையும் குறைத்தது. 2013இல் தக்காளியில், சீரியம் பட்ட செடிகளின் விதையிலிருந்து வந்த நாற்றுகள் சிறுத்தும் மெலிந்தும் இருந்தன. இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் இடுக்கியோடு உட்கார்ந்திருந்தேன். பொறுக்கிய விதையை விதைத்துவிட்டு, "இரண்டாம் தலைமுறையில் பெரிய வேறுபாடு இல்லை" என்று எழுதுவது எந்த அளவுக்கு உண்மை?

சத்துக் கணக்கு இன்னும் சிக்கலானது. மணி சிறுத்து மாவுச்சத்து குறைந்தால் புரத விழுக்காடு கூடித் தெரியும். ஒரு மணியில் மொத்தம் எவ்வளவு புரதம் என்று பார்த்தால் குறைந்திருக்கலாம். எது சத்து? சாப்பிடுகிறவருக்கு ஒரு பிடி மாவில் என்ன இருக்கிறது என்பது முக்கியம். முளைக்கும் நாற்றுக்கோ அந்த ஒரு விதையில் இருப்பதுதான் எல்லாம். நான் விழுக்காட்டை மட்டும் எழுதினேன். அட்டவணையில் அதுதான் கேட்கப்பட்டிருந்தது என்று இப்போதும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஒதுக்கிய விதைகளை அரைத்து, புரதத்தைக் கணக்கிட உதவும் கெல்டால் முறையில் நைட்ரஜன் பார்த்துவிட்டோம். இனி அவற்றை விதைக்க முடியாது. அரைப்பதற்கு முன் அவள் அவற்றை எண்ணி, எடை போட்டு, நோட்டில் குறித்து வைத்திருந்தாள். நான் சொல்லவில்லை. ஆய்வறிக்கையில் என் பங்குக்கு ஒரே வரி: "சம அளவுள்ள விதைகள் தேர்ந்தெடுக்கப்பட்டன."

அடுத்த விதைப்புக்கு முன் அவளிடம், "இந்தத் தடவை பொறுக்காமலே போடலாமா?" என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். "தொட்டிக்குத் தொட்டி ரொம்ப மாறுமே மேடம். அப்புறம் எதை எதோட ஒப்பிடறது?"

நான் அன்றைக்குச் சொன்ன அதே காரணம். தொட்டிகளைக் கூட்டினால் சமாளிக்கலாம். கூட்ட இடமில்லை. அந்த விதைப்புக்கான தட்டு இரண்டு நாளாக மேசையில் அப்படியே இருக்கிறது.